பரீட்சைப் பெறுபேறு வந்த வழி: கீழ்க்கரையினின்று ஒரு வரலாற்று நோக்கு

கல்வியின் வரலாறு பெரும்பாலும் பாடசாலைகளின் வரலாறாகவும், பாடத்திட்டங்களின் வரலாறாகவும், கல்விக்கு உழைத்த பெரியோரின் வரலாறாகவும் எழுதப்பட்டு வருகின்றது. அவ்வரலாற்றினுள்ளே மற்றொரு சிறு வரலாறும் அடங்கியுள்ளது. மாணவன் எழுதிய விடைக்குக் கிடைத்த தீர்ப்பு எவ்வழியாக, எத்தனை நாளில், யார் கையினூடாக அவனிடம் வந்து சேர்ந்தது என்பதே அஃது. பரீட்சை எழுதுதல் ஒருவகை உழைப்பு. பெறுபேற்றுக்குக் காத்திருத்தல் மற்றொருவகை உழைப்பு. முன்னதற்கு நேர அட்டவணை உண்டு, பின்னதற்கு இல்லை. இலங்கையின் கீழ்க்கரையிலே கல்முனை தொடக்கம் பொத்துவில், அறுகம்பே ஈறாகவுள்ள ஊர்களை மனத்திற் கொண்டு அச்சிறு வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரீட்சையின் முடிவைப் பலரறிய வெளியிடும் வழக்கம் மிகப் பழையது. சீனப் பேரரசிலே அரசாங்க உத்தியோகத்துக்கு ஆள் தெரிவதற்கென நடைபெற்ற பரீட்சைகள் பல நூற்றாண்டுகள் நிலைத்து, 1905ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டன. தேறியவர்களின் பெயர்களை எழுதிப் பொதுவிடத்தில் ஒட்டுவது அங்கு முறை. தேறியவன் வீட்டுக்கு நற்செய்தி கொண்டோடும் தூதருக்கு வெகுமதியும் கிடைத்தது. தேறாதவனிடம் தூதர் போவதில்லை. தன் பெயர் காணப்படாமையே அவனுக்குச் செய்தியாயிற்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்திலும் பெறுபேற்றுப் பட்டியலைப் பலரறிய வெளியிடும் வழக்கம் நெடுங்காலம் நிலைத்தது. அதனை நீக்குவதா, வைத்துக்கொள்வதா என்று 2016ஆம் ஆண்டில் அங்குள்ள மாணவர் வாக்கெடுப்பே நடத்தினர். விரும்பாதவர் தம் பெயரை எளிதில் விலக்கிக்கொள்ள இடமளித்து வழக்கத்தை வைத்துக்கொள்வதென்ற பக்கமே வென்றது. பெறுபேறு யாருக்கு உரியது, எழுதியவனுக்கா ஊருக்கா என்ற வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பது இவற்றாற் புலனாகும்.

நம் நாட்டவர் எழுதிய விடைக்குத் தீர்ப்பு நெடுங்காலம் கடல் கடந்தே வந்தது. 1857ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும், யாழ்ப்பாணத்தவர் என்பது யாவரும் அறிந்ததே. பின்னர் பொதுப் போதனைப் பணிப்பாளராயிருந்த சார்ல்ஸ் புரூஸ் காலத்தில், 1880ஆம் ஆண்டிலே, கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. சில ஆண்டுகளுள் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளும் வந்து சேர்ந்தன. வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து வந்தது. விடைத்தாள் இங்கிலாந்துக்குப் போயிற்று. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டமையாற் பயணம் குறுகியதாயினும், கப்பல் சென்று சேர வாரங்கள் சென்றன. திருத்தி முடிய மேலும் வாரங்கள் சென்றன. ‘உள்ளூர்ப் பரீட்சை’ என்பது அதன் பெயர். அதன் தீர்ப்போ ஏழு கடலுக்கப்பால் எழுதப்பட்டது.

கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த செய்தி கீழ்க்கரைக்கு வருவதற்கு இன்னுமொரு பயணம் வேண்டியிருந்தது. மட்டக்களப்புக்கு இருப்புப்பாதை 1928ஆம் ஆண்டிலேயே வந்தது. அதற்குத் தெற்கே அஃது இன்றுவரை நீளவில்லை. மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலம் 1924இல் அமைந்தது. அதற்கு முன்னர் தோணியே துணை. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனறாகலை வழியாகப் பொத்துவிலை அடைந்து, அங்கிருந்து கரையோரமாக அக்கரைப்பற்று, கல்முனை கடந்து மட்டக்களப்பில் முடியும் ஏ-4 நெடுஞ்சாலை 430 கிலோமீற்றர் நீளமுடையது. நாட்டின் நெடுஞ்சாலைகளுள் மிக நீண்டது அதுவே. அதன் ஓரத்திலுள்ள ஊர்களுக்குக் கடிதமாயினும் செய்தித்தாளாயினும் பிந்தி வருவதில் வியப்பில்லை. ஆகவே, ஒரே நாளிற் பரீட்சை எழுதிய மாணவர் ஒரே நாளிற் பெறுபேறு அறிந்தாரல்லர். கொழும்பு மாணவன் அடுத்த வகுப்பிற் சேர்ந்துவிட்ட பின்னும் கரையூர் மாணவன் தபாற்காரனை எதிர்நோக்கியிருந்தான்.

இத்தகைய காலத்திலேதான் காரைதீவிற் பிறந்த மயில்வாகனன் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்று, 1908ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் சீனியர்ப் பரீட்சையிற் சித்தியெய்தினார். அப்பொழுது அவருக்கு வயது 16. பின்னர் அவர் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் பரீட்சையை 1916இல் வென்றார்; இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். கேம்பிரிட்ஜ், மதுரை, இலண்டன் என்னும் மூன்று இடங்களிலிருந்து மூன்று தீர்ப்புகள் அவரைத் தேடி வந்தன. அவரே சுவாமி விபுலாநந்தர். அக்காலத்துப் பரீட்சை முறையின் குறைகளை எத்துணைக் கூறினும், கடற்கரைச் சிற்றூர்ப் பிள்ளை ஒருவனை உலகத்தின் முன் நிறுத்தும் ஆற்றல் அதற்கு இருந்தது என்பதை மறுத்தல் இயலாது. அதனாற்றான் பெறுபேற்றுச் செய்தி ஒரு வீட்டுச் செய்தியாக நில்லாது ஊர்ச் செய்தியாயிற்று.

யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்று, 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் முதல் முஸ்லிமாகச் சேர்ந்த ஏ. எம். ஏ. அஸீஸ், 1942ஆம் ஆண்டிற் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றினார். யுத்தகால உணவு உற்பத்திக்கென வந்தவர், இப்பகுதி மக்களின் கல்வி நிலையைக் கண்டு அதன்பால் மனஞ் செலுத்தினார். 1945ஆம் ஆண்டில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவுவதில் முன்னின்றார். அதே ஆண்டில் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டையும் ஒருங்கு நோக்கின் ஒருண்மை விளங்கும். சித்தியடைந்தான் என்ற செய்தி மட்டும் ஏழை மாணவனைக் கரை சேர்க்காது. அச்செய்தியின் பின் அவன் எங்கே செல்வது, யார் துணையுடன் செல்வது என்பதற்கு விடை வேண்டும். அஸீஸ் அவர்களின் நிதி அவ்விடையைத் தேடிய முயற்சியாகும். பெறுபேற்றை அறிவித்தலும் அதன்பின் வழிகாட்டலும் ஒன்றன் இரு பாகங்கள் என்பதை இதனால் உணரலாம்.

சுதந்திரத்தின் பின்னர்ப் பரீட்சைகளின் தீர்ப்பு உள்நாட்டிலேயே எழுதப்படலாயிற்று. கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சை வந்தது. அது தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டது. 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் பரீட்சைகளின் ஒழுங்குக்குச் சட்டக் காப்பளித்தது. பெறுபேற்று அட்டவணை தபால் மூலம் பாடசாலைக்கு வரும். அதிபர் உறையைப் பிரிப்பார். அவரே முதலில் அறிவார். பின்னர் அது சுவரிலோ அறிவித்தற் பலகையிலோ தொங்கவிடப்படும். தனிப்பட்ட பரீட்சார்த்திக்கு உறை வீட்டுக்கே செல்லும். தபாற்கந்தோர் இல்லாத கிராமத்தில் அவ்வுறை கடையொன்றிலே தங்கிப் பின் உரியவரைச் சேர்வதும் உண்டு. அறிவித்தற் பலகையின் முன் ஒரு பிள்ளை தன் பெயரைத் தேடும்போது பின்னால் இருபது பேர் அதனைத் தேடிக்கொண்டிருப்பர். ஆயினும் அங்கே ஓர் ஆசிரியரும் நின்றார். மனமுடைந்த மாணவனின் தோளிற் கைவைப்பதற்கு ஒருவர் அவ்விடத்திலிருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

1970களிலிருந்து பெறுபேற்றின் கனம் கூடிற்று. பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தலும் மாவட்டப் பங்கீடும் புகுந்தன. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிய அம்பாறை, கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டது. இன்றைய விதிப்படி பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. 2001ஆம் ஆண்டு முதல் ‘இசட் புள்ளி’ என்னும் கணிப்பு முறை பயன்படுகின்றது. ஒரு பாடத்திற் பெற்ற புள்ளி, அப்பாடத்தை எழுதியோர் அனைவரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது என்பதை அது காட்டும். ஆகவே, ‘சித்தியா, இல்லையா’ என்ற ஒற்றை வினா போய், மூன்று பாடச் சித்தி, இசட் புள்ளி, மாவட்ட நிலை, தீவு நிலை என்று பலவாகப் பெறுபேறு விரிந்தது. முன்னர் ஒரு சொல்லில் அடங்கிய செய்தி இப்பொழுது வாசித்துப் பொருள் கொள்ள வேண்டிய ஏடாயிற்று. வாசிக்கத் தெரிந்தவர் துணை தேவையாயிற்று.

இவ்வேளையிலேதான் இணையம் வந்தது. இலங்கையில் 1995ஆம் ஆண்டில் வணிக முறையிலான இணையச் சேவை தொடங்கியது. 2000ஆம் ஆண்டுகளிற் பரீட்சைத் திணைக்களம் பெறுபேறுகளைத் தன் இணையத்தளத்தில் வெளியிடலாயிற்று. மாணவன் தன் சுட்டெண்ணை இட்டால் பெறுபேறு திரையில் தோன்றும். பின்னர்க் கைத்தொலைபேசி நிறுவனங்களூடாகக் குறுஞ்செய்தியாலும் அறியும் வசதி உண்டாயிற்று. கப்பலும் புகையிரதமும் பேருந்தும் சுமந்த செய்தி கம்பியின்றி வரத் தொடங்கிற்று. கொழும்பு மாணவனும் பொத்துவில் மாணவனும் வரலாற்றில் முதன்முறையாக ஒரே நிமிடத்திற் பெறுபேறறியும் நிலை தோன்றியது. இதனைச் சிறு மாற்றமென்று கருதுதல் தவறு. நூற்றிருபது ஆண்டுகளாக நிலவிய தூரத்தின் அநீதி ஒன்று இதனால் நீங்கிற்று.

ஆனால், நீங்கிய அநீதியின் இடத்தில் வேறொன்று தலைகாட்டிற்று. இணையம் வந்த தொடக்க ஆண்டுகளில் வீட்டிற் கணினி வைத்திருந்தோர் மிகச் சிலர். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை தொடங்கித் தெற்கே அறுகம்பே வரையுள்ள கரையை வாரிச் சென்றது. வீடுகளோடு புத்தகங்களும் சான்றிதழ்களும் போயின. அறுகம்பேப் பாலம் சேதமுற்று, 2008ஆம் ஆண்டிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. அத்தகைய ஊரில் இணையத்தைத் தேடுவதெங்கே? 2005ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் கிராமங்களில் ‘நெனசல’ எனப்படும் அறிவகங்களைத் திறந்தது. அத்திட்டம் 2014இற் சர்வதேச விருதொன்றையும் பெற்றது. எனினும் பெரும்பாலான மாணவர் நாடியது சந்தியிலுள்ள ‘கொமினிகேசன்’ கடையையே. அங்கே கடைக்காரர் சுட்டெண்ணைக் கேட்பார், திரையைப் பார்ப்பார், பின்னரே பிள்ளைக்குச் சொல்வார். அதிபர் பிரித்த உறையைக் கடைக்காரர் பிரிக்கலானார்.

விரைவு தவற்றையும் விரைவாக்கும் என்பதை 2011ஆம் ஆண்டு நாடு கற்றது. அவ்வாண்டு உயர்தரப் பெறுபேறுகள் டிசெம்பர் 25ஆந் திகதி இணையத்தில் வெளியாயின. மாவட்ட நிலைகளிற் பிழைகள் இருந்தமை உடனே வெளிப்பட்டது. ஓரிரவில் உயர்ந்தவர் மறுநாள் இறங்கினர், இறங்கியவர் ஏறினர். பழைய பாடத்திட்டத்தில் எழுதியோரையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியோரையும் ஒரே தொகுதியாகக் கொண்டு இசட் புள்ளி கணித்தமை பற்றிய வழக்கும் உயர்நீதிமன்றம் சென்றது. 2012 ஜூனில் அக்கணிப்பு செல்லாதென நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புள்ளிகள் மீளக் கணிக்கப்பட்டன. தபாற்காலத்தில் ஒரு பிழை அலுவலகத்திலேயே கண்டு திருத்தப்பட வாய்ப்பிருந்தது. இணையக் காலத்தில் அது இலட்சக்கணக்கான வீடுகளைச் சேர்ந்த பின்னரே காணப்படுகின்றது. மாவட்ட நிலையை நம்பியே பல்கலைக்கழகம் புகவேண்டிய அம்பாறை போன்ற மாவட்டத்தின் மாணவருக்கு இஃது எத்துணை வேதனை தந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மற்றொரு படிப்பினை 2020இல் வந்தது. 2019ஆம் ஆண்டுச் சாதாரண தரப் பெறுபேறுகள் 2020 ஏப்ரல் 27ஆந் திகதி வெளியாயின. கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டுக் கிடந்தன. அறிவித்தற் பலகை இருந்தும் பயனில்லை. இணையமில்லாதிருப்பின் அம்மாணவர் எத்தனை மாதங் காத்திருந்திருப்பரோ? ஆயினும் அந்நாளில் கைத்தொலைபேசி உள்ள வீட்டுப் பிள்ளை தானே பார்த்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை அயல்வீட்டுக் கதவைத் தட்டிற்று. வசதியின் எல்லையும் அதன் பயனும் ஒரே நாளிற் காணக்கிடந்தன.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று மாற்றங்கள் தெளிவாகின்றன. முதலாவது, தூரம் சுருங்கிற்று. இரண்டாவது, இடையிலுள்ள கைகள் குறைந்தன. மூன்றாவது, கண்கள் பெருகின. இம்மூன்றாவதைப் பற்றியே நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை. பரீட்சை மண்டபத்திற் சுட்டெண்கள் வரிசையாக வழங்கப்படுகின்றன. ஒரு மாணவனின் எண்ணை அறிந்தவர் அடுத்த எண்ணை ஊகிப்பது அரிதன்று. ஆகவே, ஒருவர் விரும்பின் ஒரு வகுப்பு முழுவதன் பெறுபேற்றையும் தம் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். பிள்ளை தன் பெறுபேற்றை அறியுமுன் ஊர் அறிந்துவிடுகின்றது. தமிழ் வீட்டில் அம்மாவும் முஸ்லிம் வீட்டில் உம்மாவும் கேட்பது ‘என்ன மகன், எப்படி வந்திருக்கு?’ என்ற ஒரே வினாவைத்தான். அவ்வினாவுக்குப் பிள்ளையே முதலில் விடை கூறும் உரிமையை நாம் காத்துக்கொடுத்தல் வேண்டும்.

அவ்வாறாயின் ஆசிரியர் செய்யத்தக்கது யாது? பெறுபேறு வருமுன்னரே செய்ய வேண்டியவை சில உள. அனுமதி அட்டையின் சுட்டெண்ணையும் தேசிய அடையாள அட்டை எண்ணையும் ஒவ்வொரு மாணவரும் தனியே எழுதி வைத்திருக்கச் செய்தல் வேண்டும். பரீட்சை முடிந்ததும் அனுமதி அட்டையைத் தொலைப்போர் பலர். திணைக்களத்தின் உத்தியோகபூர்வ முகவரி எதுவென்பதை வகுப்பிலேயே கூறிவிடுதல் வேண்டும். அதனைப் போன்று தோற்றமளிக்கும் பிற தளங்களுக்குத் தம் விவரங்களைக் கொடுத்து ஏமாறுவோர் உளராதலின் இஃது அவசியம். பெறுபேறு வெளியான முதல் மணித்தியாலங்களில் இலட்சக்கணக்கானோர் ஒரே வாசலில் நுழைய முயல்வதாற் தளம் தடுமாறும். அது பெறுபேறு இல்லையென்பதன் அடையாளமன்று என்பதைச் சொல்லி வைத்தால், நள்ளிரவில் அழும் பிள்ளைகள் சிலர் உறங்குவர்.

பெறுபேறு வந்தபின் செய்ய வேண்டியவை இன்னும் முக்கியமானவை. பாடசாலையின் பெறுபேற்று அட்டவணையை அதிபர் கடவுச்சொற் கொண்டு இணையத்திற் பெறும் வசதி இப்பொழுது உண்டு. கைத்தொலைபேசி இல்லாத மாணவர் அந்நாளிற் கடைக்கோ அயல்வீட்டுக்கோ செல்லாது பாடசாலைக்கே வரட்டும். அங்கே தனியறையொன்றில், ஒருவர்பின் ஒருவராக, தம் பெறுபேற்றைத் தாமே திரையிற் பார்க்கட்டும். ஆசிரியர் பக்கத்தில் நிற்கலாம். முந்திப் படித்தல் ஆகாது. விடைத்தாள் மீள் பரிசீலனைக்கு விண்ணப்பிக்கும் காலம் குறுகியது. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்துக்கும் முடிவுத் திகதி உண்டு. இணையத்திற் பார்த்த பெறுபேறு செய்தியேயன்றிச் சான்றிதழன்று. சான்றிதழுக்கு முறைப்படி விண்ணப்பித்தல் வேண்டும். இவற்றை அறியாமையால் தகுதியிருந்தும் ஓராண்டை இழக்கும் மாணவர் கரையூர்களில் இன்றும் உளர். உயர்தரத்தில் மூன்று முறை தோற்றலாம் என்பதையும், தொழிற்கல்வி வழிகள் திறந்துள்ளன என்பதையும், தேறாத மாணவனுக்கு அன்றைய தினமே எடுத்துரைத்தல் வேண்டும். வாரங் கடந்து கூறும் அறிவுரை காதில் ஏறாது.

இவ்விடத்து இன்னுமொன்றைக் கூறாதிருத்தல் இயலவில்லை. பெறுபேறு வந்த சில நாட்களுள் எம் ஊர்ச் சந்திகளில் பெரும் பதாகைகள் எழுகின்றன. அதிதிறமையாளரின் படங்கள் அவற்றில் ஒளிர்கின்றன. பாராட்டுதல் நன்றே. ஆயினும் அதே சந்தியைக் கடந்தே தேறாத மாணவியும் கடைக்குச் செல்லவேண்டியிருக்கின்றது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2017ஆம் ஆண்டிற் பொதுப் பரீட்சைகளில் முதல் மூன்று நிலை பெற்றோரை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திற்று. அதனாற் கல்வி தாழ்ந்துவிட்டதென்று எவரும் நிறுவவில்லை. பாடசாலையின் புகழை நாட்டுவதற்குப் பிள்ளையின் முகம் வேண்டுமா என்பதை நம் அதிபர்களும் பழைய மாணவர் சங்கங்களும் எண்ணிப் பார்ப்பாராக. பதாகைக்குச் செலவாகும் பணத்தில் மீள் பரிசீலனைக் கட்டணம் செலுத்த இயலாத சிலருக்கு உதவலாம். அஸீஸ் அவர்கள் தொடங்கிய வழியும் அதுவேயாம்.

கப்பல் வருமென்று கடலை நோக்கிய காலமும், தபாற்காரன் வருவானென்று தெருவை நோக்கிய காலமும் போயின. இன்று பிள்ளைகள் உள்ளங்கையை நோக்குகின்றனர். செய்தியைக் கொண்டு வரும் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அதனை நம்மினும் நன்றாகவே அது செய்கின்றது. ஆதலின் ஆசிரியனுக்கு இனி வேலையில்லை என்று கொள்ளற்க. செய்தி சுமக்கும் பாரம் நீங்கியமையால், செய்தியைப் பெற்ற பிள்ளையுடன் இருப்பதற்கு அவனுக்கு நேரம் கிடைத்துள்ளது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தோற்றும் பரீட்சையில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணையே திணைக்களத்தால் வழங்கவியலும். அவ்வெண்ணுக்குரிய பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர் ஊரிலுள்ள ஆசிரியரே. அடுத்த முறை பெறுபேறு வெளியாகும் நாளிலே, அஃது இரவாயினும் விடுமுறையாயினும், நம் பாடசாலைகளின் கதவு ஒன்றேனும் திறந்திருக்குமாக.